குளிசையின் பழுது

சாய்ந்தமருது,
10.09.1956

அன்பு மச்சான் ஸலாஹுதீனுக்கு ஸைனுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் மூத்தவர் முகம்மது தம்பிக் காக்கா போன வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு என் கடையில் வைத்து மௌத்தாகிவிட்டார். தந்தி உங்களுக்குப் பிந்திக் கிடைத்ததும், வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று கொழும்பிலேயே நின்றுகொண்டதும் எங்களுக்கு விளங்கும். யாரும் குறை சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மருதமுனைத் தறிக்காரர் கொண்டுவந்த சாரன் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாய் மடிப்பு விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதில ஒரு இழை விட்டிருக்கு, பாரு” என்றார். நான் எட்டிப் பார்க்க முந்தி அந்தச் சாரனோடு கீழே இருந்துவிட்டார். கடலுக்குள் இருந்து எழும்பி வந்தவர் போல வியர்வை. “நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிறாப்போல கிடக்கு” என்றார். கார் பிடிக்கப் போன ஆள் திரும்பி வர, எல்லாம் முடிந்துவிட்டது.

வாப்பாவும் சூடடிக்கிற களத்தில் இப்படித்தான் போனார். இனி வரிசையில் நிற்பது நான். அழுது முடித்தாயிற்று, கதைக்க வேண்டியதைக் கதைப்போம்.

உங்கள் மூத்தவள் ஸம்ஸியாவுக்குக் காக்கா கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்ட வீடு யன்னல் மட்டத்தில் நிற்கிறது. இந்தக் கரையில் வீடு இல்லாமல் பெண்பிள்ளைக்குக் கலியாணம் இல்லை. நீங்கள் கொழும்பில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று மருந்து கலக்குகிற சம்பளத்தில் கூரை ஏறாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாப்பிள்ளை, மாவடிப்பள்ளி மசூருடைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். வீட்டை இப்போது நான் ஏற்றுக்கொண்டேன். ஆகவே சாவியைப் பிள்ளையின் கையில் வைக்கும் வரைக்கும் நான் சாகக் கூடாது.

உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். தகப்பன் போய், தமையன் போய், மூன்றாவதாக நிற்கிறவனுக்கு முன்கூட்டியே செய்ய ஏதாவது இருக்கிறதா? வந்த பிறகு செய்வதைப் பற்றி நான் கேட்கவில்லை.

தங்கச்சி மைமூனா பக்கத்தில் நின்று, “நான் சுகமா இருக்கன் எண்டு எழுதுங்க காக்கா” என்கிறாள். எழுதிவிட்டேன். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஸைனுலாப்தீன்


மருதானை, கொழும்பு,
26.09.1956

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, அலைக்குமுஸ்ஸலாம். இவ்விடம் நான் தேக சுகம். அவ்விடம் மதினி ஹாஜறாவும் மைமூனாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன்.

காக்காவின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க எனக்கு விதிக்கவில்லை.

டொக்டரிடம் கேட்டேன். கொழுப்பு, சுருட்டு இரண்டையும் விடச் சொல்லு என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு மேசையில் கிடந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை எடுத்தார். அமெரிக்காவில் ஒரு டொக்டர் தொண்டைச் சதை வெட்டிய நோயாளிகளுக்கு நோவுக்காக ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார். கூடுதலாகத் தின்றவர்களுக்கு இரத்தம் நிற்காமல் ஓடியிருக்கிறது. அதைக் கண்டு அவர் தலைகீழாக யோசித்திருக்கிறார்: இரத்தத்தை உறைய விடாத சரக்கென்றால், நெஞ்சுக் குழாயில் உறைந்து அடைப்பதையும் தடுக்குமே என்று. நடுத்தர வயது ஆண்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்து வந்தாராம். ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை, மூளையில் அடைப்பு வந்து கைகால் விழவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் டொக்டர் முழுதாக நம்பவில்லை. “குளிசை தின்னாத ஆயிரம் பேரை அவர் பக்கத்தில் நிறுத்தி எண்ணிப் பார்க்கவில்லையே” என்றார். ஆனால் சிரிக்கவும் இல்லை.

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முடிவு உங்களுடையது.

ஸலாஹுதீன்


கல்முனைக் கடை,
09.10.1956

மச்சானுக்கு ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

தலையிடிக்குத் தின்னுகிற குளிசையா? என் கடைக்கு முன்னால் நல்லரெத்தினத்தின் தேத்தண்ணிக் கடையில் பீடிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறான். காக்கா அதற்கு முன்னால் இருந்து எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பார்!

நான் கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் தலையில் சாரன் மூட்டை சுமந்து திரிந்த காலத்தில் படித்தது ஒன்றுதான். ஒரு சரக்கை நல்லது என்று சொல்கிறவனிடம் அதன் பழுது என்ன என்று கேட்க வேண்டும். மடித்து வைத்த சாரன் எல்லாம் நல்ல சாரன்தான். விரித்துப் பிடித்தால்தான் இழை விட்டது தெரியும். நீங்கள் எனக்கு மடித்த சாரனை அனுப்பியிருக்கிறீர்கள். இரத்தத்தை நீர்ப்பதமாக்குகிற குளிசை நெஞ்சுக்கு மட்டும் பார்த்து வேலை செய்யுமா? வேறெங்காவது ஓட்டை விழுந்தால் அங்கும் நிற்காதே? டொக்டரிடம் இதைக் கேட்டு எழுதுங்கள். எனக்கு மறைக்க வேண்டாம்.

மைமூனா சுகம். சின்னவள் உம்மு உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாளாம்.

ஸைனுலாப்தீன்


மருதானை,
30.10.1956

மச்சான் அவர்களுக்கு, ஸலாம். சுகம். அவ்விடத்துச் சுகத்தை அறிய ஆவல்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். “இந்த ஆள் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும்” என்றார் டொக்டர். பழுதைச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

ஒன்று, இந்தக் குளிசை இரைப்பையின் தோலை அரிக்கும். வெறும் வயிற்றில் ஒருபோதும் விழுங்கக் கூடாது. வயிற்றில் புண் உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றது, உள்ளே இரத்தம் கசிந்தால் நோவு தெரியாமலும் இருக்கும். அடையாளம் ஒன்றுதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். கண்ட உடனே குளிசையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளைக்குள் நரம்பு வெடித்தாலும் இந்தக் குளிசை தின்றவருக்கு இரத்தம் நிற்காது.

“தகப்பனும் தமையனும் போன குடும்பம் என்றால் நான் கொடுத்துப் பார்ப்பேன். பார்ப்பேன் என்றுதான் சொல்கிறேன்” என்றார். ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். எப்படித் தின்பது என்று மேலே ஒட்டியிருப்பது என் கையெழுத்து.

ஸலாஹுதீன்


சாய்ந்தமருது,
14.12.1956

மச்சானுக்கு ஸலாம். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சுகம்.

நீங்கள் விரித்துக் காட்டிய பிறகுதான் வாங்கினேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவு ஒன்று. போக வேண்டிய இடத்துக்குப் போகும்போது வெளிச்சத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். நிறம் நல்ல நிறம். ஹாஜறா, “தங்கம் தேடுறீங்களா?” என்று கேட்கிறாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு பிடிப்பது குறைந்திருக்கிறது. குளிசையாலா, சுருட்டை விட்டதாலா, தெரியாது. கேட்டால் குளிசை என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த முறை பெரிய போத்தலாக இரண்டு அனுப்புங்கள். மழைக்குப் பாதை அடைபட்டால் தபால் வராது. கையில் சரக்கு இருப்பது நல்லது.

ஸம்ஸியாவின் வீட்டுக்கு நிலை வைத்தாயிற்று. மைமூனா அதன் கீழே நின்று, குனியாமல் போகலாமா என்று அளந்து பார்த்தாள். காக்கா போன பிறகு அவளுக்கும் நெஞ்சு படபடப்பு இருந்தது. இப்போது இல்லை.

ஸைனுலாப்தீன்


மருதானை,
11.01.1957

மச்சான் அவர்களுக்கு, ஸலாம். சுகம்.

போத்தல் இரண்டும் அனுப்பியிருக்கிறேன். மைமூனாவுக்குப் படபடப்பு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவள் சொல்லி அனுப்பவில்லை. உங்கள் கடிதத்தில் எப்போதும் “மைமூனா சுகம்” என்ற இரண்டு சொல்லைத்தான் காண்கிறேன். ஸம்ஸியாவுக்கு எழுத்துத் தெரியும்தானே, உம்மா சொல்லச் சொல்ல இரண்டு வரி அவளை எழுதச் சொல்லுங்கள். ஹாஜறா மதினியும் மைமூனாவும் இன்னும் கதைப்பதில்லையா? காக்காவின் கத்தச் சாப்பாட்டில் சோற்றுப் பானைக்காக வந்த சண்டையை இவ்வளவு நாள் இழுக்க வேண்டுமா?

நோன்புக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். பெருநாளுக்குத்தான் கிடைக்கும் போல.

ஸலாஹுதீன்


கல்முனைக் கடை,
05.04.1957

மச்சானுக்கு ஸலாம். நோன்பு ஐந்து. வெயில் சுடுகிறது. சுகம்.

ஸம்ஸியா எழுதுவாள், கலியாண வெட்கத்தில் இருக்கிறாள், விடுங்கள். பெண்களின் சண்டையில் நான் தலையிடுவதில்லை.

குளிசைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பகலில் முடியாது. நோன்பு துறக்கிற நேரம் வயிறு வெறுமை, அது கூடாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இரண்டையும் சேர்த்து, விடிய முந்திச் சஹர் சாப்பாட்டோடு விழுங்குவது. அன்றைக்குரியது உள்ளே போய்விடும், நோன்பும் முறியாது. சரிதானா என்று டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கள். அவசரம் இல்லை.

கூரைமரம் ஏறுகிறது. மைமூனா கொஞ்சம் சோர்வு. நோன்புச் சூடு. “எழுதாதீங்க” என்றாள். நான் எழுதிவிட்டேன்.

ஸைனுலாப்தீன்


மருதானை,
12.04.1957

மச்சான், ஸலாம்.

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. டொக்டர் வாசித்த உடனே எழுந்துவிட்டார். இரண்டு குளிசையை ஒன்றாக விழுங்கிவிட்டு, பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பதா? நோன்பு முடியும் வரை குளிசையை அடியோடு நிறுத்துங்கள். இன்றைக்கே. நிறத்தைப் பாருங்கள். தலை சுற்றினால், நாடி வேகமாக ஓடினால் நோன்பை விட்டுவிடுங்கள், அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது.

மைமூனா எதனால் சோர்வு?

ஸலாஹுதீன்


தந்தி. கல்முனை, 16.04.1957

மைமூனா கடும் சுகவீனம். உடன் வரவும். ஸைனுலாப்தீன்.


மருதானை,
10.06.1957

ஸைனுலாப்தீன் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் வந்து சேர்ந்தபோது மைமூனா மையவாடி மண்ணுக்குள் போயிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், களுவாஞ்சிக்குடி தாண்ட முந்திக் காரில் வைத்தே முடிந்துவிட்டது என்றார்கள். இரத்தமாக வாந்தி எடுத்தாள் என்றார்கள். வயிற்றில் இருந்த புண் என்று பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதாம் கத்தத்தில் நீங்கள் பந்தியில் நின்று எல்லோருக்கும் பரிமாறினீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வருவதற்கு முந்தின நாள் அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். சாரிகளுக்கு அடியில் ஒரு போத்தல் இருந்தது. பாதி காலி. மேலே ஒட்டியிருந்தது என் கையெழுத்து: சாப்பாட்டுக்குப் பிறகு காலை ஒன்று, இரவு ஒன்று.

நான் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. ஸம்ஸியாவிடமும் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். பதிலை உங்கள் கையால் எழுதுங்கள்.

ஸலாஹுதீன்


சாய்ந்தமருது,
02.09.1957

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று மாதம் ஆகப் போகிறது. பல தரம் எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்கிற இடத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

ஓம். கொடுத்தது நான்தான்.

போத்தல் வந்து கொஞ்ச நாளில் வீட்டு வேலையைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணியும் அப்பமும் கொண்டுவந்து வைத்தாள். தின்றுவிட்டு நான் குளிசை விழுங்கியதைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். காக்காவுக்கு இது முந்தியே கிடைத்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார் என்றும் சொன்னேன். எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சரக்கு விற்கிறவனின் வாயில் அது தானாக வரும்.

“அப்ப எனக்கும் தாங்க காக்கா. எனக்கும் வாப்பாட ரெத்தந்தானே. ஆம்பிளையளுக்கு மட்டுமா நெஞ்சிருக்கு?” என்றாள்.

உங்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

“எழுதாதீங்க. அவர் பயந்து, வேலையையும் விட்டுட்டு வந்து நிப்பார். வீடு முடியட்டும், மறுகா நானே சொல்றன்.”

கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு விழுங்கு என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. நீங்கள் எழுதிய மற்ற வரி என் சட்டைப் பையில் இருந்தது. கூடப் பிறந்த பெண்பிள்ளையிடம், புருஷன் ஊரில் இல்லாதவளிடம், உன் மலம் என்ன நிறம் என்று எந்த வாயால் கேட்பது? அதைப் பெண்தான் பெண்ணிடம் சொல்ல வேண்டும். ஹாஜறாவை அனுப்பலாம் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. சோற்றுப் பானை ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் நான் என்னுடையதைப் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

வயிறு காந்துவதற்கு அவள் அப்பச்சோடா கரைத்துக் குடித்து வந்திருக்கிறாள், குளிசைக்கு முந்தியே. அது பிறகு ஸம்ஸியா சொல்லித் தெரியும். சஹருக்கு அவள் சோறு தின்னவில்லை. காந்துகிறது என்று தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, நான் சொன்ன கணக்கில் இரண்டையும் விழுங்கியிருக்கிறாள். கறுப்பாகப் போவதைக் கண்டிருக்கிறாள். நோன்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். ஸம்ஸியாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

காரில் அவள் தலை என் மடியில் இருந்தது. “காக்கா, உங்கட சட்டையெல்லாம் பழுதாப் போச்சு” என்றாள். பிறகு கதைக்கவில்லை.

குளிசையை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் அடக்கத்துக்கு அடுத்த நாள் கிடைத்தது.

நான் பழுதைக் கேட்டு வாங்கினேன். மடித்துக் கொடுத்தேன். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து குளிசையைத் தொடவில்லை. ஜூலையில் ஒரு நாள் கடையில் துணி வெட்டிக்கொண்டு நிற்க, கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் பார்த்தேன், வலது கை என்னுடையதாக இல்லை. நல்லரெத்தினத்தைக் கூப்பிட்டேன், நாக்கு மாட்டு நாக்குப் போலக் கிடந்தது. அவன் ஓடி வந்து பிடித்து இருத்தினான். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை வராமல் போகலாம். போத்தல் மேசைக்குள் இருக்கிறது. அவளைக் கொன்ற குளிசையால் நான் உயிர் பிழைப்பதா என்று கை போகவில்லை.

ஓடு இன்னும் போடவில்லை. உங்களிடம் மாப்புக் கேட்கிறேன்.

ஸைனுலாப்தீன்


மருதானை,
21.09.1957

ஸைனுலாப்தீன் மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். அந்த ஒட்டுத்தாளில் இன்னும் ஒரு வரி எழுத எனக்கும் இடம் இருந்தது. அதை நான் எனக்குள் வைத்துக்கொள்கிறேன்.

கை விழுந்ததை டொக்டரிடம் சொன்னேன். மூளைக்குப் போகிற குழாயில் சிறு அடைப்பு வந்து விலகியிருக்கலாம் என்றார். சின்ன இரத்தக் கசிவாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் குளிசை காக்கலாம். இரண்டாவது என்றால் அதே குளிசை கொல்லும். “இரண்டில் எது என்று மண்டையைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததால் அடைப்பு என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்” என்றார். அரைக் குளிசை என்றார். அதையும் சத்தியம் பண்ணவில்லை.

உங்களுக்கு இப்போது சாக விருப்பம் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. தாய் இல்லாத என் இரண்டு பெண்பிள்ளைகள் கூரை இல்லாத ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் வேலையை விட்டு வந்தால் அவர்களுக்குச் சோறும் இல்லை. நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும். எனக்காக அல்ல.

அரைக் குளிசை தின்பீர்கள். எப்படி, எதுவரை என்பதை நீங்களே விரித்து எழுதுங்கள். மடிக்க வேண்டாம்.

மாப்பு இந்தப் பேச்சில் இல்லை.

ஸலாஹுதீன்


சாய்ந்தமருது,
06.10.1957

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்றைய நிறம் மஞ்சள். கை அசைகிறது, நாக்கு சரி.

நேற்று ஹாஜறாவையும் ஸம்ஸியாவையும் ஒரே பாயில் இருத்தி, நான் எழுதிய கடிதத்தில் இருந்ததை எல்லாம் வாயால் சொன்னேன். ஸம்ஸியா எழும்பிப் போய்விட்டாள். ஹாஜறா, “ஒரு சொல்லு என்னிட்ட சொல்லியிருந்தா நான் பானையத் தலையில வெச்சிட்டுப் போயிருப்பன்” என்றாள். பிறகு அவளும் எழும்பிப் போய், பிள்ளைகளோடு அவர்கள் வீட்டிலேயே படுத்துவிட்டாள். இனி அங்கேதான் இருக்கப் போகிறாளாம். நல்லது.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். நாள் ஒன்றுக்கு அரைக் குளிசை, பகல் சோறு அங்கே போய்த் தின்ற பிறகு, ஹாஜறா பார்த்திருக்க. நோன்பு மாதத்தில் தொடுவதில்லை. வயிறு காந்தினாலோ நிறம் மாறினாலோ அன்றே நிறுத்துவேன். உங்களுக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஸலாமுக்கு அடுத்த வரி நிறம். அதைப் பார்க்காமல் “சுகம்” என்ற சொல்லை எழுத மாட்டேன். உம்முவுக்குத் தலையிடி என்றாலும், ஸம்ஸியா சோறு தின்னவில்லை என்றாலும், “எழுதாதீங்க” என்று யார் சொன்னாலும் எழுதுவேன். என் கையால் இன்னொருவருக்கு ஒரு குளிசையும் போகாது. தம்பிலுவில்லில் இருந்து வந்த ஒருவர் கேள்விப்பட்டு நேற்று கடையில் கேட்டார். முதலில் கறுப்பைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

அடுத்த நோன்புக்கு முந்தி ஓடு போட்டு, கதவு பூட்டி, சாவி ஸம்ஸியாவின் கையில் இருக்கும். உம்முவுக்கும் வீடு கட்டுவது நான்தான். அதற்கு இன்னும் பத்து வருடம் வேண்டும் என்றால் பத்து வருடமும் அரைக் குளிசை. இடையில் குளிசையே என்னைக் கொன்றால் அது உங்கள் மேல் இல்லை, டொக்டர் மேலும் இல்லை.

மாப்பு இதில் சேர்த்தியில்லை. சம்மதம்.

ஸைனுலாப்தீன்